வரலாற்றுப் பக்கத்தில் பெயர் வராதவர்களுக்கு

தேவிபட்டினத்திலிருந்து எல்லோருக்கும் வணக்கம்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் விக்கியில் எந்த உதவிப் பக்கத்தைத் திறந்தாலும் மேலே 'வரலாறு' என்று ஒரு இணைப்பு இருக்கும். அதைத் தட்டினால் யார், எந்த நாளில், எத்தனை எழுத்தைக் கூட்டினார், எத்தனையைக் குறைத்தார் என்று வரிசையாக வரும். கண்மாய் (மழைநீரைத் தேக்கும் ஏரி), கடற்கரைக் கோடு, திறந்து மூடும் பாலம் பற்றிய தமிழ்ப் பக்கங்களில் அந்த வரிசை முழுக்க என் கணக்கின் பெயர்தான். அது 'சேமி' பொத்தானை அழுத்தியவனின் பெயர். அந்த வரிகளைச் சொல்லித் தந்தவர்கள், சரிபார்த்தவர்கள், "ஒண்ணும் விளங்கலையே தம்பி" என்று திருப்பி அனுப்பியவர்கள் பலருக்கு விக்கியில் கணக்கே கிடையாது. அதனால்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள். ஊரையும் வேலையையும் மட்டும் சொல்கிறேன், அவரவருக்குத் தெரியும்.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம். ஒரு கிணற்றையோ தெருவையோ வரைந்தால் அது இன்னது என்று சொல்ல ஒரு டேக் போட வேண்டும். எந்தப் பொருளுக்கு எந்த டேக், எந்தச் செயலியில் எப்படி வரைவது என்பதற்கு அச்சடித்த கையேடு எதுவும் இல்லை. விக்கிதான் கையேடு. அதையும் பயன்படுத்துகிறவர்களே எழுதிக்கொள்கிறார்கள். பனிச்சறுக்குப் பாதையை எப்படிக் குறிப்பது என்பதற்குக்கூட அதில் விரிவான பக்கம் உண்டு. எழுத ஆள் இருந்த ஊரின் பொருள் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். நம்முடையதை நாம்தான் எழுத வேண்டும்.

முதல் நன்றி ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து நீர்ப்பாய்ச்சி ஐயாவுக்கு. நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பினால் கோடைக்குள் பல கண்மாய்களில் தரை தெரிந்துவிடும். பின்னணியில் வைத்து வரைகிற செயற்கைக்கோள் படம் கோடையில் எடுத்ததாக இருந்தால் அதில் தண்ணீரே இருக்காது. சீமைக்கருவேல் மண்டிய பொட்டல்தான் தெரியும். எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்து நல்ல எண்ணத்தோடு வரைகிறவர் அதைப் புதர்க்காடு என்று குறித்துவிட்டுப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, பார்த்ததை வரைந்தார். கண்மாய் என்று ஒன்று உண்டு என்பதை உதவிப் பக்கம் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஐயா கரைமேல் என்னை நடத்திக்கொண்டே போய் ஒவ்வொரு மடையாகக் காட்டினார். கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கலுங்குக்கு வந்ததும் நின்றார். நீர்ப்பரப்பின் ஓரத்தை எந்த இடத்தில் வரைவது என்று கேட்டேன். "கலுங்கு வழியிற அன்னைக்குத் தண்ணி எதுவரைக்கும் நிக்குமோ அதுதான்யா கண்மாய். மத்த நாள்ல கண்ணுக்குத் தெரியிறது மிச்சம்" என்றார். அதை எழுத்துத் தமிழுக்கு மாற்றி அப்படியே பக்கத்தில் வைத்தேன். கலுங்கு வழியும் மட்டம் வரைக்கும் நீர்ப்பரப்பாக வரை, நீர்த்தேக்கம் என்று வகை கொடு, ஆண்டு முழுதும் தண்ணீர் நிற்காது என்பதற்கு 'இன்டர்மிட்டன்ட்' டேக்கைச் சேர், கலுங்கையும் மடையையும் தனித்தனியாகக் குறி. ஒவ்வொரு பக்கத்துக்கும் விவாதிக்க ஒரு பேச்சுப் பக்கம் உண்டு. அதில் ஒருவர், பல மாதம் வறண்டு கிடப்பதை நீர்நிலை என்று வரையலாமா என்று கேட்டார். ஐயா சொன்னதை ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். அதற்கு மேல் கேள்வி வரவில்லை.

அடுத்து மண்டபத்துச் சம்மாட்டி, அதாவது படகு முதலாளி. கடற்கரைக் கோட்டுக்கு விக்கியில் இரண்டு விதிகள் உண்டு. கோட்டை வரையும் திசையில் நிலம் இடக்கைப் பக்கமும் நீர் வலக்கைப் பக்கமும் இருக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஏற்றங்களில் தண்ணீர் ஏறி நிற்கும் சராசரி மட்டம்தான் கோடு. இதைத் தமிழில் எழுதிவிட்டு அவரிடம் படித்துக் காட்டினேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். "கோடு இருக்கட்டும். ஆழம் எங்க? பாரு எங்க?" என்றார். அதெல்லாம் இந்த வரைபடத்தில் முழுசாக இருக்காது அண்ணே என்றேன். "அப்ப அதை மொதல்ல எழுது. பயலுக போனைப் பாத்துக்கிட்டே வல்லத்தைப் பார்ல ஏத்திருவானுக."

சரிதானே? பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கரையை ஒட்டியே பவளப்பாரும் மணல்திட்டும் கிடக்கின்றன. இன்று பக்கத்தின் முதல் பத்தி, 'இது கரையை வரைவதற்கான உதவி. கடலில் படகு ஓட்ட இந்த வரைபடத்தை நம்பாதீர்கள்' என்று தொடங்குகிறது. அந்தப் பக்கத்திலேயே முக்கியமான வரி அதுதான் என்பது என் கணிப்பு. சொன்னவர் இன்று வரை விக்கியைத் திறந்து பார்த்ததில்லை.

கீழக்கரை செல்போன் கடைத் தம்பிக்கு நான் பட்டிருக்கும் கடன் வேறு வகை. ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்று ஒரு ஆண்ட்ராய்டு செயலி இருக்கிறது. தெருவில் நடந்துகொண்டே, இந்தச் சாலை தாரா மண்ணா, இந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று அது கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தட்டினால் வரைபடம் நிறையும். அதற்கான உதவிப் பக்கத்தை அவரிடம் கொடுத்து, படித்துப் படித்தே செய்யுங்கள், நான் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், வாயைத் திறக்க மாட்டேன் என்றேன். வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. செயலி இறங்கியது, வரைபடம் விரிந்தது, வள்ளல் சீதக்காதி சாலையில் ஒரு கேள்விக்குப் பதிலும் தட்டினார். அப்புறம் 'கணக்கில் நுழையவும்' என்ற வரியில் நின்றுவிட்டார். விக்கிக்கு உண்டாக்கிய பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தார், ஏற்கவில்லை. திரும்பக் கொடுத்தார். கடைக்கு ஆள் வந்தது, சார்ஜர் விற்றுவிட்டு வந்து மறுபடி கொடுத்தார். வரைபடத்துக்கு ஒரு கணக்கு, விக்கிக்கு வேறு கணக்கு என்பது பழகிப்போனவர்கள் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. தம்பி நின்ற இடத்தில் இப்போது ஒரு கட்டம் போட்டு அதை எழுதியிருக்கிறது.

அவர் அதோடு விடவில்லை. தன் நண்பர்களையும் அதே பக்கத்தைப் படிக்கச் சொல்லி, எங்கே நின்றார்கள் என்று குரல்பதிவு அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு படத்தில் பொத்தான் கீழே இருக்கிறது, தன் போனில் மேலே இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். செயலி புதுப்பிக்கப்படும்போதெல்லாம் இந்தத் தொல்லை உண்டு. முடிந்தவரை படத்தை எடுத்துவிட்டுப் பொத்தானில் எழுதியிருப்பதை மட்டும் சொல்வது என்று முடிவு செய்தோம். விக்கியில் இதற்கு எதிர்க்கருத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும், பழைய படம் ஆளைச் சுற்றவிடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

ராமநாதபுரம் டிடிபி கடை அக்காவைச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவார். தட்டச்சில் லோயர், ஹையர் இரண்டும் முடித்த கை அது. பழைய தட்டச்சு முறையிலேயே அடிப்பார், விழுவது யூனிகோடாக இருக்கும். நான் கையால் எழுதிக் கொடுத்த தாள்களை மதிய இடைவேளையில் அடித்துத் தந்தார், காசு வாங்கவில்லை. ஒருமுறை எழுதிப் பல பக்கங்களில் பயன்படுத்தும் விக்கி வார்ப்புருக்களில் இரட்டை நெளிவு அடைப்பும் நடுநடுவே செங்குத்துக் கோடும் வரும். "இந்தக் குச்சி எதுக்குப்பா?" என்று ஒருமுறைதான் கேட்டார். அதன் பிறகு, மூடாத அடைப்பை முன்தோற்றம் பார்க்காமலே கண்டுபிடித்துவிடுகிறார். கல்யாணப் பத்திரிகையில் ஒரு புள்ளி விட்டால் உறவே அறுந்துவிடும், இது என்ன பெரிய விஷயம் என்பது அவர் வாதம்.

பாம்பன் பாலத்துக்கு வருகிறேன். திறந்து மூடும் பாலங்களுக்கான டேக் பக்கத்தில் பாலம் எப்படித் திறக்கிறது என்பதற்கு ஏற்ப மதிப்புகள் பிரிகின்றன. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுவில் இருந்தது ஷெர்சர் தூக்கு. இரண்டு கைகள் இரண்டு பக்கமும் மேலே எழும். விக்கியில் அது 'பாஸ்கியூல்'. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே துண்டு அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரம் வரை எழும்புகிறது; அது 'லிஃப்ட்'. ஒரே கால்வாயின் மேல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வகைக்கும் உதாரணம்! இதைவிட வேறென்ன வேண்டும்? பழைய தூக்கை ஆட்கள் நெம்புகோல் பிடித்துச் சுற்றித் திறந்த விதத்தை ஓய்வுபெற்ற ரயில்வே பெரியவர் ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் உயர்த்தி உயர்த்திக் காட்டினார். பக்கத்தின் விளக்க வரி அந்தக் கையசைவைப் பார்த்து எழுதியது. படத்துக்குத் தங்கச்சிமடத்துக் கல்லூரி மாணவிக்கு நன்றி. சாலைப் பாலத்தில் வெயிலில் நின்று எடுத்த படத்தை, யாரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றிக் கொடுத்தார். இணையத்தில் கிடைக்கிற படத்தை எடுத்து ஒட்டும் வேலை விக்கியில் நடக்காது. மற்ற நிறுவனங்களின் வரைபடத்தைப் பார்த்து வரைவதும் அப்படியே.

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கும் அக்காமார்களுக்கு நன்றி சொல்வது கொஞ்சம் விசித்திரம், ஏனென்றால் அவர்கள் செய்த உதவி ஒன்றை எழுத விடாமல் தடுத்தது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986 முதல் அவை கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. ஒரு இடத்துக்குள் யார் நுழையலாம் என்று சொல்லும் அனுமதி டேக்குக்குக் குருசடை, மனோலி, முயல் தீவுகளை உதாரணமாக வைத்தேன். தீவுகளின் பெயர்களை வரிசை மாறாமல் சொன்னது அவர்கள்தான். பாசி எடுக்கும் இடங்களையும் போடலாமா என்று கேட்டபோது, "அதைப் போட்டா நாளைக்கு யாரு யாரோ வருவான். எங்க சோத்துல கை வைக்காத சாமி" என்றார்கள். போடவில்லை. அதோடு, ஒரு இடத்தைக் குறிப்பதால் அங்கே பிழைப்பவர்களுக்குத் தொந்தரவு வருமா என்று அவர்களையே கேட்டுக்கொள்ளுங்கள் என்ற வரியைப் புதியவர்களுக்கான பக்கத்தில் சேர்த்தேன்.

கடலுக்கு அந்தப் பக்கம், மன்னாரில் இருக்கும் சக தொகுப்பாளருக்கும் நன்றி. இவரை எனக்குப் பயனர்பெயராக மட்டும்தான் தெரியும். உலாவியில் வரைய உதவும் ஐடி (iD) என்ற தொகுப்பானில் ஒரு டேக்குக்குப் பக்கத்தில் உள்ள 'ஐ' குறியைத் தட்டினால் சின்னதாக ஒரு விளக்கம் வருமே, அது விக்கியில் ஒவ்வொரு டேக்குக்கும் தனியாக வைத்திருக்கும் தரவு உருப்படியிலிருந்து வருவது. அங்கே ஒரு வரிக்கு மேல் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். எனக்கோ ஒரு வரியில் நிறுத்தத் தெரியாது. இவர் இரவோடு இரவாக என் மூன்று வரியை ஒன்றாக்கிவிட்டு, தொகுப்புச் சுருக்கத்தில் 'நீளம்' என்று ஒரே சொல் எழுதிவிட்டுப் போவார். முதலில் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. இப்போது நீளமாக எழுதினாலும் கவலை இல்லை, அவர் இருக்கிறார். ஆங்கிலப் பக்கம் மாறியும் தமிழ்ப் பக்கம் மாறாமல் கிடப்பவற்றைக் கவனிப்புப் பட்டியலில் வைத்துப் பார்த்துச் சொல்வதும் அவரேதான். புதுப் பக்கம் தொடங்க நாலு பேர் வருவார்கள். பழைய பக்கத்தைத் தூசி தட்ட வருகிறவர் அபூர்வம்.

குப்பை விளம்பரங்களை அழிக்கும் நிர்வாகிகளுக்கும், சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர்களுக்கும், கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டரில் ஒரு பிளக்கை விட்டுத்தந்த பேருந்து நிலையத்து டீக்கடை அண்ணாச்சிக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வாங்கிவர என்னை எழுப்பாமல் விட்ட வீட்டாருக்கும் நன்றி.

பாக்கி வேலையையும் சொல்லிவிடுகிறேன். வாலிநோக்கம் உப்பளங்களுக்கு விக்கிப் பக்கம் இருக்கிறது, படம் இல்லை. 1964 புயலில் போன தனுஷ்கோடி ரயில் பாதையை, தடமே இல்லாத இடத்தில் எப்படிக் குறிப்பது என்பது பேச்சுப் பக்கத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ராமேஸ்வரத்துக்காரர்கள் வந்து இரண்டு வார்த்தை சொன்னால் நல்லது. காரங்காடு அலையாத்திக் காட்டுக்கான விக்கிப் பக்கம் பாதியில் நிற்கிறது. அங்கே படகு ஓட்டும் அண்ணன் வருகிற ஞாயிறு காலை வரச் சொல்லியிருக்கிறார். தொண்டிப் பக்கமிருந்து யாராவது கூட வருவதாக இருந்தால் அந்தப் பக்கத்தின் பேச்சில் ஒரு வரி போடுங்கள். கடைசியில் நாலு நெளிகோடு (~~~~) அடித்துக் கையொப்பம் வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் யார் வருகிறார்கள் என்றே எனக்குத் தெரியாது.

நன்றியுடன்,
தேவிபட்டினத்துத் தொகுப்பாளன்