கனடா சரி என்கிறது, கம்பெனி வாயைத் திறப்பதில்லை

சென்னையிலுள்ள தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் மனிதவளத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம்.

கணவனோ மனைவியோ கனடாவில் இருக்க, துணையை நிரந்தரமாக அங்கே அழைத்துக்கொள்வதற்கான ஸ்பான்சர்ஷிப் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு இங்கே காத்திருக்கும் ஊழியர்கள் உங்களிடம் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. எனக்கு ஓ.எம்.ஆரில் வேலை, கணவர் மிசிசாகாவில். விசிட்டர் விசாவில் சில வாரம் போய், அங்கிருந்தே இதே வேலையைப் பார்க்கலாமா என்று எங்களில் யார் கேட்டாலும் எழுத்தில் பதில் வருவதில்லை. சாட்டில் "பாலிசி இல்லை" என்று ஒரு வரி வரும். மேனேஜர் எச்ஆரைக் கேட்கச் சொல்வார், எச்ஆர் லீகலைக் கை காட்டும். லீகலுக்கு நேராக எழுத எங்களுக்கு வழி கிடையாது.

வாய்மொழியாகச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் இதுதான்: "விசிட்டராகப் போய் வேலை பார்ப்பது அந்த நாட்டுச் சட்டப்படி தப்பு." கனடாவைப் பொறுத்தவரை அது சரியில்லை. நிறுவனம் கனடாவுக்கு வெளியே இருந்து, சம்பளமும் வெளியிலிருந்தே வந்தால், இணையம் வழியாகச் செய்யும் அந்த வேலைக்கு ஒர்க் பர்மிட் தேவையில்லை என்று கனடாவின் குடிவரவுத் துறை தன் அதிகாரிகளுக்கான வழிகாட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறது. வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை பார்ப்பவருக்கு விசிட்டர் அந்தஸ்து போதும், ஒரு தடவைக்கு ஆறு மாதம் வரை தங்கலாம் என்று பொதுமக்களுக்கும் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் விஷயம் வேறு. அங்கே விசிட்டர் விசாவில் இப்படிச் செய்வது பெரிய ஆபத்து. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு எங்களுக்கு மறுப்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

காத்திருப்பு எவ்வளவு நாள் என்று கேட்பீர்கள். கணவன் மனைவி விண்ணப்பங்களை 12 மாதத்துக்குள் முடிப்போம் என்று கனடா 2016 டிசம்பரில் அறிவித்தது. சிலருக்கு அதற்குள் முடிகிறது, சிலருக்கு இழுக்கிறது. இடையில் விசிட்டராகப் போய்வரத் தடை இல்லை. நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இருப்பதாலேயே ஒருவரைத் தற்காலிகமாக வரவிடாமல் தடுக்கக் கூடாது என்று அந்நாட்டுக் குடிவரவுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அனுமதித்த காலம் முடிந்ததும் கிளம்பிவிடுவார் என்று அதிகாரி நம்ப வேண்டும். கணவனே அங்கே இருக்கும்போது, இவள் திரும்பிப் போவாள் என்று எதை வைத்து நம்புவது? சென்னையில் இருக்கும் வேலையை வைத்துத்தான். இந்த ஊழியர் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வெளியூரிலிருந்து வேலை செய்ய அனுமதி பெற்றவர், அதற்குப் பிறகு அலுவலகம் திரும்ப வேண்டியவர் என்று உங்கள் லெட்டர்ஹெட்டில் நாலு வரி இருந்தால் அதன் மதிப்பே தனி.

அது கிடைக்காததால் என்ன நடக்கிறது தெரியுமா? கம்பெனிக்குத் தெரியாமல் போகிறார்கள். இந்தியாவிலிருந்து வருவதுபோல் ஐபி முகவரி காட்டும் ஒரு விபிஎன் (இணைய இணைப்பை வேறு இடம் வழியாகத் திருப்பும் செயலி) மேல் உங்கள் கம்பெனி விபிஎன்னை ஓட்டுகிறார்கள். கேமரா வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டு, டொராண்டோவில் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு உங்கள் காலை ஒன்பதரை மணி ஸ்டாண்ட்அப்பில், அதாவது தினசரி குழுக் கூட்டத்தில், பேசுகிறார்கள். விமான நிலையத்தில் அதிகாரி கேட்டால் "சும்மா லீவில் வந்தேன்" என்கிறார்கள். இதை நான் நியாயப்படுத்தவில்லை. குடிவரவு அதிகாரியிடம் முக்கியமான ஒன்றை மறைத்ததாக முடிவானால் அதே சட்டத்தின் 40ஆம் பிரிவின் கீழ் ஐந்து வருடம் உள்ளே நுழைய முடியாது. ஸ்பான்சர்ஷிப்பும் அதோடு போச்சு. சட்டப்படி வெளிப்படையாகச் சொல்லக்கூடிய ஒரு வேலையை, கம்பெனிக்குப் பயந்து பொய்யாக்கிக்கொள்கிறார்கள். அந்த விபிஎன் உங்கள் டேட்டா பாதுகாப்புக்கும் நல்லதில்லை. யார் எங்கிருந்து உள்ளே வருகிறார் என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகிறது.

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வரி ஒரு உண்மையான தொல்லை. இந்தியாவுக்கும் கனடாவுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. இங்கே வரி கட்டுபவர் 183 நாளைத் தாண்டாமல் அங்கே இருந்து, சம்பளத்தை இந்திய நிறுவனமே கொடுத்து, அது கனடாக் கிளையின் செலவுக் கணக்கில் ஏறாமலும் இருந்தால் கனடா அந்தச் சம்பளத்துக்கு வரி கேட்காது. கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். மிசிசாகாவிலோ டொராண்டோவிலோ கிளை வைத்திருக்கும் நிறுவனங்கள் அங்கேதான் வழுக்கும். வரி கிடையாது என்றாலும், கனடாவில் இருந்தபடி செய்த வேலைக்கான சம்பளத்தில் நிறுவனம் வரிப் பிடித்தம் செய்தாக வேண்டும் என்ற விதி தனியாக நிற்கிறது. அதற்கும் 2016இலிருந்து ஒரு விலக்கு உண்டு. ஒப்பந்த நாட்டு நிறுவனம் கனடா வருவாய் முகமையிடம் முன்கூட்டியே சான்று வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சான்று இருந்தால், ஒப்பந்தப்படி வரி விலக்குள்ள ஊழியர் ஒரு காலண்டர் வருடத்தில் 45 நாளுக்குக் குறைவாக அங்கே வேலை செய்தாலோ, எந்தப் 12 மாதத்திலும் 90 நாளுக்குக் குறைவாக அங்கே இருந்தாலோ பிடித்தம் தேவையில்லை. இருக்கும் நாள் என்றால் சனி, ஞாயிறும் சேர்த்துத்தான்.

எங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல், கணவனோ மனைவியோ அங்கே இருப்பது. வரிக் கணக்கில் ஒருவர் கனடாவாசியா என்று பார்க்கும்போது வருவாய் முகமை முக்கியமாகக் கவனிக்கும் பிணைப்புகளில் வீடும் துணையும் உண்டு. அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு ஆடிட்டர் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த ஃபீஸை நாங்களே கட்டுகிறோம். அங்கே விசிட்டருக்கு அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது, அதையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்.

வங்கி, மருத்துவமனை கிளையன்ட்களின் ஒப்பந்தத்தில் இந்த இடத்திலிருந்து மட்டுமே வேலை செய்யலாம் என்று இருந்தால் தாராளமாக மறுங்கள். கையெழுத்து அதிகாரமுள்ள விற்பனை ஆட்களுக்கும் மறுங்கள், உங்களுக்கு அங்கே நிரந்தர அலுவலகம் இருப்பதாகக் கனடா நினைத்து நிறுவனத்துக்கே வரி கேட்கக் கூடும். எல்லா பிராஜெக்ட்டும் அப்படி இல்லையே. அமெரிக்க கிளையன்ட்டுக்காக இங்கே இரவு பதினொன்று வரை உட்கார்ந்திருப்பவர், கோடைக்காலத்தில் டொராண்டோவில் இருந்தால் அதே வேலையைக் காலை ஒன்பது மணிக்கு ஆரம்பிப்பார். இதை எந்த டெலிவரி மேனேஜரும் லாபம் என்றுதான் சொல்வார், எச்ஆர் பக்கத்தில் இல்லாதபோது.

நான் கேட்பது ஒரு பக்கப் பாலிசி. 12 மாதத்தில் 90 நாளுக்குள் அனுமதி. அதற்கு மேல் வேண்டுமென்றால் வேலையை இழக்காமல் சம்பளமில்லா விடுப்பு. கேட்ட இரண்டு வாரத்தில் எழுத்தில் பதில், மறுப்பென்றால் காரணத்தோடு. ஸ்பான்சர்ஷிப் போட்டதைச் சொன்னவர்களை "எப்படியும் போய்விடுவாள்" என்று அப்ரைசலில் தள்ளிவைக்கும் பழக்கத்துக்கும் ஒரு முடிவு. சொல்லிவிட்டுக் கேட்பவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்த வட்டத்தில் அவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

ஒன்றைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 2023 மேயிலிருந்து, கனடாவில் துணையோடு தங்கி விண்ணப்பத்துக்குக் காத்திருப்பவர்களுக்குத் திறந்த ஒர்க் பர்மிட் (பெரும்பாலும் எந்த நிறுவனத்திலும் வேலை பார்க்க விடும் அனுமதி) கிடைப்பதை அந்த நாடு எளிதாக்கியிருக்கிறது. அது கையில் வந்துவிட்டால் உங்களிடம் யாரும் அனுமதி கேட்கப் போவதில்லை, நோட்டீஸ் பீரியட் கடிதம்தான் வரும். அந்த இடத்துக்கு ஆள் எடுத்து, பழக்கி, கிளையன்ட்டிடம் அறிமுகப்படுத்த எத்தனை மாதம் ஆகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

ஏப்ரலில் லீவ் பாலிசியை எப்படியும் புதுப்பிப்பீர்கள். மேலே சொன்ன 45 நாள், 90 நாள் விதியை உங்கள் வரி ஆலோசகரிடம் இப்போதே காட்டுங்கள், கனடாவிடம் சான்று வாங்கவும் நேரம் பிடிக்கும். ஏப்ரல் பாலிசியில் இது இருக்கிறதா இல்லையா என்பதை மார்ச்சிலேயே சொல்லிவிட்டால், நாங்கள் டிக்கெட் போடுவதா, ராஜினாமா எழுதுவதா என்று முடிவு செய்துகொள்வோம்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவரது நிறுவனத்தில் வேலை செய்யும் ஒருத்தி
சென்னை