643 பேரில் ஒருவன்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். அங்கே மருமகளும் குட்டியும் சௌக்கியமா? ஆயுத பூஜைக்கு நீ வருவாய் என்று அம்மா முந்தின நாள் இரவு வரை கொண்டைக்கடலையை ஊறப் போடாமல் காத்திருந்தாள். வரவில்லை. சரி, வேலை இருந்திருக்கும். வேலை இருந்தால் நல்லதுதான்.

நேற்று அக்டோபர் 2. பெரியவர் காமராஜர் போய் 50 வருஷம் ஆகிவிட்டது. காலையில் அவர் பிறந்த வீடு வரை நடந்தே போய்வந்தேன். முழங்கால் பரவாயில்லை, அம்மாவிடம் கேட்காதே, அவள் வேறு மாதிரி சொல்வாள். ஒரு காலத்தில் அவரைத் திட்டியவர்களின் பேரன்களெல்லாம் இப்போது அவருக்கு மாலை போடுகிறார்கள். நானும்தான் கைகூப்பி நின்றேன்.

1975இல் அந்தச் செய்தி ரேடியோவில் வந்த அன்று காந்தி ஜெயந்தி, மண்டிக்கு லீவு. மறுநாளும் ஊரில் யாருக்கும் கடை திறக்க மனசு வரவில்லை. நெருக்கடி நிலை வேறு. ஆளுக்கு ஆள் தணிந்த குரலில்தான் பேசினார்கள். உன் தாத்தா அழுது நான் பார்த்தது இரண்டே தடவை. ஒன்று சின்னப்பாட்டிக்கு, இன்னொன்று அன்றைக்கு. ராத்திரியே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மெட்ராசுக்குப் பஸ் ஏறிவிட்டார். ராஜாஜி மண்டபத்தில் வரிசையில் நின்று முகம் பார்த்தார். கிண்டியில் தீ வைக்கும் வரை இருந்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார். என்னையும் கூப்பிட்டார். மண்டிக் கணக்கு முடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பூட்டிக் கிடக்கிற மண்டிக்கு என்ன கணக்கு?

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் உன் குரல் சரியில்லை என்கிறாள் அம்மா.

அவர் கட்டிய அணைகள், நெய்வேலி, திருச்சி பெல் எல்லாம் நீ பாடத்தில் படித்ததுதான். எனக்குத் தெரிந்தது ஒரு தட்டுச் சோறு. 1956இல் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட ஆரம்பித்தபோது எனக்கு 12 வயது. அந்த வருஷம் தாத்தா என்னைப் படிப்பை நிறுத்தித் தீப்பெட்டி ஒட்ட அனுப்புவதாக இருந்தார். ‘ஒரு வேளை கஞ்சி அங்கேயே கழிகிறதே’ என்று விட்டுவைத்தார். உன் சித்தப்பாவையும் அப்படித்தான். அந்தச் சோறுதான் என்னை மண்டியில் பேனா பிடிக்க வைத்தது, உன்னைக் கம்ப்யூட்டர் பிடிக்க வைத்தது. என் மகன் பெங்களூரில் இருக்கிறான் என்று சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. நீ பதில் போடாத நாளிலும்.

முதலமைச்சராக இருந்தபோது அவர் தாயாருக்கு மாதம் 120 ரூபாய்தான் அனுப்புவார் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். அந்த அம்மா யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எப்போதும் ஒன்றாம் தேதி வருகிற உன் பணம் போன மாதம் 9ஆம் தேதி வந்தது. தாமதம் என்று சொல்லவில்லை. எங்களுக்குச் செலவு இல்லை, என் மாத்திரையும் ரேஷன் அரிசியும்தான். இந்த மாதம் அனுப்பாதே. அடுத்த மாதமும் வேண்டாம்.

பதவி என்ன பெரிய பதவி. 1963இல் அவரே வேண்டாமென்று எழுந்து வந்தார். 67இல் சொந்த ஊரிலேயே தோற்றார், அதுவும் ஒரு மாணவர் தலைவரிடம். இரண்டு வருஷம் கழித்து நாகர்கோவிலில் ஜெயித்துப் பார்லிமெண்டுக்குப் போனார். நேரத்துக்குச் சாப்பிடு, தம்பி. ராத்திரி கண் விழிக்காதே.

அந்த 67 பற்றி உன்னிடம் சொன்னதில்லை. அம்மாவுக்கும் தெரியாது. அவர் தோற்றது 1285 ஓட்டில். கணக்கப்பிள்ளை அல்லவா, கூட்டிக் கழித்து வைத்திருக்கிறேன்: 643 பேர் மாற்றிக் குத்தியிருந்தால் அவர் ஜெயித்திருப்பார். அந்த 643 பேரில் நான் ஒருவன். எனக்கு அதுதான் முதல் ஓட்டு. இந்தி எதிர்ப்புச் சூடு ஆறவில்லை, அரிசிக்கு அலைந்த நேரம். அந்தக் கோபம் பொய்யில்லை, இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து, விரல் மை காயுமுன், காங்கிரஸ் காளைமாட்டுக்குத்தான் குத்தினேன் என்று தாத்தாவிடம் சொன்னேன். முடிவு வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. நான் தெருமுனையில் வெடி போடுகிற கூட்டத்தோடு நின்றேன். அவர் சாகும் வரை நான் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் அடித்திருக்க மாட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டுவிடுவாரோ என்றுதான் பயம்.

முகத்தைத் திருப்புவது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். நீ ப்ளஸ் டூவில் கணக்கில் போனபோது நாற்பது நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். ஒரே வீட்டில், ஒரே கூடத்தில். நீ வந்து உட்கார்ந்தால் நான் தட்டோடு எழுந்து போவேன். ‘கணக்கப்பிள்ளை வீட்டில் இப்படி ஒன்று’ என்று அடுக்களையில் நான் சொன்னது உன் காதில் விழுந்தது. விழ வேண்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். அதற்குப் பிறகு நீ பரீட்சை எழுதிப் பாஸானாய், பெரிய கம்பெனிக்கும் போனாய். ஆனால் அந்த வருஷத்துக்கு அப்புறம் கெட்ட செய்தி எதையும் நீ என்னிடம் கொண்டுவந்ததில்லை. பிள்ளைக்குக் கஷ்டமே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மருமகள் ஒன்றும் சொல்லவில்லை, அவளைக் கோபித்துக்கொள்ளாதே. குட்டிதான் போனில் ‘அப்பா இப்போல்லாம் வீட்லயே இருக்காங்க, தாத்தா’ என்றாள். நான் அதற்குமேல் கேட்கவில்லை.

தூத்துக்குடி ரயிலில் ஏறினால் காலையில் இங்கே இறங்கலாம். ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். முழங்கால் பரவாயில்லை என்றேனே. வந்தால் தாத்தா கட்டிலை உனக்கு ஒழித்துத் தருகிறேன், இஷ்டப்பட்ட வரைக்கும் தூங்கு. யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம்.

போன மாதம் நீ அனுப்பிய பணம் பேங்கில் அப்படியே இருக்கிறது.

அப்பா