மூன்று நாற்காலிகளைக் காத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பல் கிளினிக்கின் பெரிய டாக்டர், அக்யூட் மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கான ஸ்டெம் செல் (ரத்தம் உண்டாக்கும் மூலச் செல்) மாற்று சிகிச்சை முடிந்து நூறாவது நாளைத் தாண்டிவிட்டார். வீட்டில் இருக்கிறார், நடக்கிறார். கிளினிக்குக்குத் திரும்ப இன்னும் குறைந்தது பத்து மாதம் ஆகும். நலம் விசாரித்த எல்லோருக்கும் பதில் இவ்வளவுதான். மீதி மடல் முழுக்க நன்றி. யார் என்ன செய்தார்கள், அது எப்படிக் கைகொடுத்தது என்பதைக் கொஞ்சம் நுணுக்கமாகவே எழுதுகிறோம். நாளை இன்னொரு குடும்பத்துக்கு இந்த நிலை வரும்போது பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம்.

குடும்பமே சேர்ந்து நடத்தும் கிளினிக்கில் ஒருவர் படுத்தால் ஒரு நாற்காலி மட்டும் காலியாவதில்லை. ஸ்டெம் செல் தருபவரின் எச்எல்ஏ, அதாவது செல்களின் மேல் இருக்கும் திசு அடையாளம், நோயாளியோடு பொருந்த வேண்டும். உடன்பிறந்த ஒருவருக்கு அது முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்று. உடன்பிறந்தவர்கள் இரண்டு பேர் இருந்தாலும் ஒருவராவது பொருந்துவதற்கு 44 சதவீதம்தான். எங்களுக்குப் பொருந்தியவர் கணக்கையும் அப்பாயின்ட்மென்ட்டையும் பார்த்துக்கொள்ளும் தம்பி. நோயாளியுடன் இரவும் பகலும் இருக்க ஒருவர் வேண்டும் என்பதை மாற்று சிகிச்சைப் பிரிவில் தேதி கொடுக்கும் முன்பே உறுதி செய்துகொள்வார்கள். அந்தப் பொறுப்பு சின்ன டாக்டருக்குப் போனது. ஆக, ஒரே வாரத்தில் மூன்று நாற்காலி காலி.

முதல் நன்றி, கிளினிக்கை ஏற்றுக்கொண்ட இரண்டு பல் மருத்துவர்களுக்கு. "எத்தனை நோயாளிகள்" என்று அவர்கள் கேட்கவில்லை. "பாதியில் நிற்கும் வேலை எது எது" என்று கேட்டார்கள். வாரக்கணக்கு வித்தியாசம் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

ரூட் கெனால் பாதியில் நிற்கும் பற்களைத்தான் முதலில் எடுத்தார்கள். தற்காலிக அடைப்பு சுமார் 3.5 மில்லிமீட்டர் கனம் இருந்தால்தான் எச்சில் உள்ளே இறங்காமல் தடுக்கும்; அப்படி இருந்தாலும் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் அதை நம்ப முடியாது. கசிந்துவிட்டால் சுத்தம் செய்த வேர் மறுபடி கிருமிக்கூடாகும், செய்த வேலை வீண். கிருமியைக் கொல்ல உள்ளே வைத்த கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தையும் மாதக்கணக்கில் விட்டுவைப்பது நல்லதல்ல. பல்லின் உட்சுவர் வலுவிழக்கலாம். ஒவ்வொரு கால்வாயின் நீளம், அதை எந்த முனையிலிருந்து அளந்தோம், கால்வாயைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் ஃபைலில் எந்த அளவு வரை போயிருக்கிறோம், மேல் கடைவாய்ப்பல்லானால் நான்காவது கால்வாயைத் தேடினோமா, கிடைத்ததா என்று உட்கார்த்தி வைத்து எழுதி வாங்கினார்கள். எங்கள் பழைய குறிப்புகள் பலவற்றில் "21 மி.மீ." என்று மட்டும் இருந்தது. எந்த முனையிலிருந்து என்று எழுதாவிட்டால் இன்னொருவர் கையில் அது வெறும் எண். தன் கையெழுத்தைத் தானே படிக்கப்போகிறோம் என்ற நினைப்பில் வருவது இந்தக் குறை. குடும்பக் கிளினிக்குகளில் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

கிளிப் போட்டவர்கள் விஷயத்தில் அவர்கள் செய்தது இன்னும் பெரிய உதவி. கிளிப்பில் இருக்கும் ஸ்பிரிங்கும் ரப்பரும் டாக்டர் விடுப்பில் போனதைத் தெரிந்துகொண்டா இழுப்பதை நிறுத்தும்? யாரும் பார்க்காமல் விட்டால் பல் வேண்டாத பக்கம் சாயும். அதனால் இரண்டு வாரத்துக்குள் எல்லோரையும் வரவழைத்து, இழுவிசை தரும் பாகங்களைக் கழற்றிவிட்டு, பல்லை இருந்த இடத்தில் வெறுமனே பிடித்துவைக்கும் ஸ்டீல் கம்பியை மாட்டினார்கள். ஆரம்பகால அச்சு, புகைப்படம், எக்ஸ்ரே எல்லாம் ஒவ்வொருவர் கோப்பிலும் சேர்ந்தன. பல்லில் ஒட்டிய பிராக்கெட்டில் கம்பி உட்காரும் பள்ளம் 0.018 அங்குலமா 0.022 அங்குலமா என்பதைக் கோப்பின் மேலட்டையிலேயே எழுதினார்கள். அது தெரியாமல் கம்பி மாட்டினால் ஒன்று உள்ளே நுழையாது, இல்லையேல் தொளதொளவென்று ஆடிக்கொண்டு வேலையே செய்யாது.

இம்பிளான்ட் (தாடை எலும்பில் திருகிப் பதிக்கும் செயற்கை வேர்) வைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியோடு வரும் ஸ்டிக்கரில் கம்பெனி, விட்டம், நீளம், லாட் எண் எல்லாம் இருக்கும். அது இல்லாவிட்டால் அடுத்த மருத்துவருக்கு அந்தத் திருகைத் திறக்க எந்த ஸ்குரூடிரைவர் என்றே தெரியாது. ஸ்டிக்கர்களைத் தேடியெடுத்துப் படம் பிடித்து ஒவ்வொருவருக்கும் அனுப்பிவைத்த வரவேற்பு மேசைத் தங்கைக்கு நன்றி. கதவில் ஒட்டிய அறிவிப்பையும் எழுதியது அவர்தான். என்ன நோய் என்று ஒரு சொல் அதில் இல்லை. எந்தத் தேதியிலிருந்து, யார் பார்ப்பார்கள், கோப்பை எப்படி வாங்கலாம், ராத்திரியில் வலி வந்தால் யாரைக் கூப்பிடலாம் என்ற நான்கு மட்டும் இருந்தன. வந்தவர்களுக்குத் தேவைப்பட்டதும் அந்த நான்குதான்.

பூட்டியிருந்த இரண்டாவது அறையைப் பார்த்துக்கொண்ட உதவியாளர் அக்காவின் வேலை யார் கண்ணிலும் பட்டிருக்காது. பல் நாற்காலிக்குள் ஓடும் மெல்லிய குழாய்களில் தண்ணீர் தேங்கினால் சில நாளிலேயே உள்சுவரில் பாசிபோல் கிருமிப்படலம் பிடிக்கும். போகும் முன் குழாய்களை வடித்துக் காயவிட்டார். கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் தொட்டியையும் கம்ப்ரசரில் தேங்கிய நீரையும் வெளியேற்றினார். திறக்கும்போது மருந்து செலுத்திக் கழுவி, தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பி, ஒரு மில்லிலிட்டருக்கு 500 கிருமிக் காலனிக்குக் கீழே வந்த பிறகே நாற்காலியில் ஆளை உட்காரவைத்தார். ஆட்டோகிளேவுக்கும் ஸ்போர் சோதனை (எளிதில் சாகாத கிருமி வித்துகளை உள்ளே வைத்து, செத்தனவா என்று பார்ப்பது) செய்த பிறகுதான் கருவிகள் உள்ளே போயின. 134 டிகிரியில் 3 நிமிடம் என்று திரையில் எண் ஓடுவதும், உள்ளே கிருமி உண்மையில் சாவதும் ஒன்றல்ல என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இனி, ரத்தம் தந்தவர்களுக்கு.

ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைச் சேமித்துக் குவிக்க முடியாது. 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டில் வைத்தாலும், பொதுவாக 5 நாள்தான் ஆயுள். செய்தி பரவியதும் முதல் நாளே முப்பது பேர் கிளம்பத் தயாரானீர்கள். எல்லோரும் அன்றே கொடுத்திருந்தால் அடுத்த வாரம், உண்மையில் எண்ணிக்கை விழும் நேரத்தில், கேட்க ஆள் இருந்திருக்காது. பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி, எந்தக் கிழமை வர முடியும் என்று ஒரு பட்டியல் போட்டு, நாளைக்கு இரண்டு பேர் வீதம் அழைத்த அந்த நண்பருக்கு எப்படி நன்றி சொல்வது? அழைக்கும்போதே, கடைசி மூன்று நாளில் ஆஸ்பிரின் போட்டீர்களா என்று கேட்டுவிடுவார். ஆஸ்பிரின் போட்டவரின் தட்டணுக்கள் சரியாக ஒட்டாது. ரத்த வங்கி வரை வந்து திரும்பிப் போக வேண்டியிருக்கும். தட்டணுவை மட்டும் பிரித்தெடுக்கும் இயந்திரத்தில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் கையை நீட்டிப் படுத்திருந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அப்படி ஒருவர் தருவது, சாதாரண ரத்ததானத்தில் ஐந்தாறு பேரிடமிருந்து பிரித்தெடுப்பதற்குச் சமம். எண்ணிக்கை பத்தாயிரத்துக்குக் கீழே போன ஒவ்வொரு முறையும் ஏறியது உங்கள் பைதான்.

கொடுக்கக் கூடாது என்றதும் மனம் சுருங்கிய உறவினர்களுக்கும் நன்றி உண்டு. மாற்று சிகிச்சைக்கு முன் நெருங்கிய ரத்த உறவுகளின் ரத்தத்தை ஏற்றினால், நோயாளியின் உடல் அந்தக் குடும்ப அடையாளங்களுக்கு எதிராக முன்கூட்டியே பழகிக்கொள்ளும். பிறகு அதே குடும்பத்திலிருந்து வரும் ஸ்டெம் செல்லை நிராகரிக்கும் ஆபத்து கூடும். அதைப் புரிந்துகொண்டு ஒதுங்கி நின்றதும் ஒரு தானம்தான்.

தம்பிக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார், ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஸ்டெம் செல்களை எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்குக் கொண்டுவரும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி, தொடர்ந்து 5 நாள். மஜ்ஜை பொங்குவதால் இடுப்பிலும் முதுகிலும் காய்ச்சல் வந்தது போன்ற குடைச்சல். ஐந்தாம் நாள், அவற்றைப் பிரித்தெடுக்கும் இயந்திரத்தில் ஐந்து மணி நேரம். நோயாளியின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் சிடி34 செல் (அந்த அடையாளத்தை வைத்து எண்ணும் ஸ்டெம் செல்) வேண்டும், 40 லட்சத்தைத் தாண்டினால் மருத்துவர்கள் நிம்மதியாவார்கள். தாண்டியது.

வார்டு செவிலியர்களுக்கு, பல் மருத்துவக் குடும்பம் என்ற முறையில் தனியாக ஒரு நன்றி. மாற்று சிகிச்சைக்கு முன் கொடுக்கும் மெல்ஃபலான் என்ற புற்றுநோய் மருந்து ஏறத் தொடங்கும் ஐந்து நிமிடம் முன்பிருந்து, முடிந்து அரை மணி நேரம் வரை, வாயில் ஐஸ் சில்லு கரையக் கரைய அடுத்ததைப் போட்டுக்கொண்டே இருந்தீர்கள். குளிரில் வாயின் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் மருந்து அங்கே குறைவாகப் போகும், புண் குறையும். செலவே இல்லாத வைத்தியம், ஆனால் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அதற்கு முன்பே, சீழ் வைக்கக்கூடிய இரண்டு பற்களை வெள்ளையணு விழுவதற்கு 14 நாள் முன்னதாக எடுத்துவிடச் சொன்ன மருத்துவருக்கும் நன்றி. ஊருக்கெல்லாம் பல் பார்த்தவர் தன் வாயைப் பார்க்காமல் விட்டிருந்தார். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எங்கள் மாடிக்காரர் சுவர் இடிக்கும் வேலையை நான்கு மாதம் தள்ளிப்போட்டார். இடிபாட்டுத் தூசியில் பறக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை, ஆரோக்கியமானவர்களைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. எதிர்ப்புச் சக்தி அற்ற நுரையீரலில் உயிருக்கே உலை வைக்கும். காரணத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே ஆட்களை அனுப்பிவிட்டார். பூங்கொத்து அனுப்பியவர்களே, அவை வரவேற்பறையிலேயே நின்றுவிட்டன. பூ வைக்கும் தண்ணீரிலும் தொட்டி மண்ணிலும் கிருமி இருப்பதால் வார்டுக்குள் விட மாட்டார்கள். அன்பு மட்டும் உள்ளே வந்து சேர்ந்தது.

வாரம் இரண்டு முறை விடியற்காலையில் கார் எடுத்து வந்தவருக்கு: எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் ரத்த அளவை, முந்தைய மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அடுத்ததைப் போடும் முன் பார்க்க வேண்டும். மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும், அதை நம்பி மருந்தைக் குறைத்துவிடுவார்கள். "மாத்திரை பையில் இருக்கா, வயித்துல இருக்கா" என்று ஏறும்போதே நீங்கள் கேட்ட கேள்வி எங்கள் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மற்ற பல் மருத்துவர்களுக்கு இடையில் ஒரு சொல்: இந்த மாத்திரையில் இருப்பவர் பல்வலி என்று வந்தால் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதும் முன் அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். ரத்தத்தில் டாக்ரோலிமஸை அது கிடுகிடுவென ஏற்றிவிடும்.

பத்து மாதம் ஏன் என்று கேட்டவர்களுக்கு. மாற்று சிகிச்சைக்குப் பிறகு பழைய தடுப்பூசிகளின் நினைவு பெரும்பாலும் அழிந்துவிடும். குழந்தைக்குப் போடுவது போல முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி மூன்று தவணை, முடிய ஆறு மாதம். பிறகு எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று ஒரு சோதனை. அது வராமல் பிறர் வாயில் ஊசியும் டிரில்லும் பிடிப்பது சரியில்லை. உயிருள்ள தடுப்பூசிகளுக்கு இரண்டு ஆண்டாவது காத்திருக்க வேண்டும்.

கடைசியாக லேப் நண்பருக்கு. பாதியில் நின்ற கேப் வேலைகளின் அச்சுகளை உடையாமல் பெயர் ஒட்டிப் பாதுகாத்தீர்கள். அவற்றில் மூன்று கேப் தயாராகி வந்து இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கின்றன. அந்தக் கேப்புகளுக்கு உரியவர்களே, பெரிய டாக்டர் வரட்டும் என்று காத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. தயவுசெய்து காத்திருக்க வேண்டாம். தேய்த்த பல்லின் மேல் தற்காலிக கேப் கழன்றால் எதிர்ப்பல் இறங்கும், பக்கத்துப் பல் சாயும், பிறகு இந்தக் கேப் உட்காராது. இந்த வாரமே வந்து ஒட்டிக்கொள்ளுங்கள். அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நன்றியுடன்,
கிளினிக் குடும்பத்தார்