வேகம் கூட, முதலில் நிதானம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

47 வயதுக்காரன் நான். விடிவதற்கு முன்பே வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடுகிறவன். 10 கிலோமீட்டர் ஓட 58 நிமிடம். இரண்டு வருடமாக அதற்குக் கீழே இறங்கவே இல்லை. தினமும் மூச்சிரைக்க ஓடியதுதான் தவறு. உடம்பு தேற நான் இடமே கொடுக்கவில்லை.

1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம் வென்ற பீட்டர் ஸ்னெல்லையே, பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் வாரம் 100 மைல் வரை ஓடவைத்தார். 800 மீட்டர்காரருக்கே நெடுந்தூரம்தான் அடித்தளம்!

இப்போது வாரத்தில் மூன்று நாள், கூட வருபவரோடு பேச்சு அறுபடாத வேகத்தில் ஓடுகிறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் 400 மீட்டர் விரைவோட்டம், இடையே ஒன்றரை நிமிட நடை, மொத்தம் 8 முறை. ஆறாவது சுற்றில் தொடை கல்லாய்க் கனக்கும்; அப்போதும் முதல் சுற்றின் நேரத்தைவிட இரண்டு விநாடிக்கு மேல் கூடவிடமாட்டேன். நான்கே மாதத்தில் 54 நிமிடம்.

இதற்கு அளந்த ஓடுபாதை வேண்டும். எங்கள் பகுதி மைதானக் கதவு ஆறரைக்குத்தான் திறக்கிறது, வெயில் ஏறிவிடுகிறது. தெருவில் ஓடினால் நாய்த் தொல்லை. செவ்வாய் ஒருநாளாவது ஐந்து மணிக்குத் திறந்துவிடும்படி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை