மலையாரோடு நடந்த ஆண்டு: செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, கால் வலித்தாலும் அடுத்த நடைக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நமது மலைநடைச் சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

முதலில் ஒரு துயரச் செய்தி. மலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் இவ்வாண்டு காலமானார். பஸ் வராத காலத்தில் கொல்லிமலையின் காரவள்ளி அடிவாரத்திலிருந்து நடந்தே மேலே போய்ப் பாடம் நடத்தியவர். ஒவ்வொரு நடைக்கும் முந்தைய நாள் எனக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “மலையில் யாரைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள்?” அந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதே இந்த ஆண்டு முழுவதும் எனக்கிருந்த எண்ணம். அவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

ஏப்ரல், மே மாதங்களில் வெயில் காரணமாகக் காட்டுக்குள் போகவில்லை. நாமக்கல் மலைக்கோட்டையில் விடியற்காலையில் ஏறி உட்கார்ந்தோம். நமக்கு நேர் கிழக்கே கொல்லிமலை. சூரியன் அதன் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் எழுகிறது. கீழே இருந்து பார்க்கும்போது ஒரே சுவராகத் தெரியும் அந்த மலை, மேலே போனால் சுவரே இல்லை. சுமார் 280 சதுர கிலோமீட்டர் பரப்பில் மேடும் பள்ளமுமாக, அடுக்கு வயலும் மிளகுக் கொடியும் ஓடையுமாக விரிந்து கிடக்கிறது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேளூர் நாடு, தின்னனூர் நாடு என்று ஊர்ப்பகுதி ஒவ்வொன்றும் அங்கே ஒரு ‘நாடு’. புதிய உறுப்பினர்களுக்கு அந்தப் பெயர்களைச் சொல்லிக் கொடுக்க அந்த இரண்டு காலைகள் பயன்பட்டன.

ஜூனில் சீக்குப்பாறை காட்சிமுனைக்குச் சென்றோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சோளக்காட்டை ஒட்டியுள்ள அந்தப் பாறையில் நின்றால் சமவெளி முழுவதும் காலடியில் இருக்கிறது. காட்சியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். பாறை இடுக்குகளில் உடைந்து கிடந்த கண்ணாடிப் புட்டிகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மூட்டை மூட்டையாகப் பொறுக்கினோம். ஆடு மேய்க்கும் ஒரு சிறுமி செருப்பில்லாமல் அந்தப் பாறையில் நடந்து போனதைப் பார்த்த பிறகு நம்மில் யாரும் காட்சியைப் பார்க்க நிமிரவில்லை. வளைவுகளில் காரை நிறுத்திக் குரங்குகளுக்குத் தீனி போடுவதையும் நம் உறுப்பினர்கள் அடியோடு நிறுத்த வேண்டும். அவை சாலையிலேயே காத்திருக்கப் பழகிவிட்டன, வண்டியில் அடிபடுகின்றன.

ஆடி மாத நடையைப் பற்றி விரிவாக எழுதாமல் இருக்க என்னால் முடியாது. உரிய அனுமதி பெற்று, திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையிலிருந்து கொல்லிமலை மேலுள்ள அறப்பளீசுவரர் கோவிலுக்குப் பழைய ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். பெரியகோவிலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் முந்தைய நாளே இறங்கி வந்து நமக்காகக் காத்திருந்தார். ஐயாறு ஒரு பக்கம் சத்தமிட்டுக்கொண்டே வந்தது. பாதை சில இடங்களில் பாறைகளுக்கு நடுவே காணாமல் போய்விடும். நாம் திகைத்து நிற்கும்போது அவர் ஒரு மரத்தைத் தொட்டுக் காட்டி, அதன் இந்தப் பக்கம் என்பார். அந்தப் பாதை அவருக்குச் சுற்றுலா அல்ல. அவருடைய தாத்தா தலைச்சுமையாகப் பலாவும் மிளகும் இறக்கிய வழி. உப்பும் துணியும் திரும்பி ஏறிய வழி. சுமையை இறக்கி இளைப்பாறும் கல், பிள்ளைகளை உட்கார வைக்கும் நிழல், மழைக்காலத்தில் தாண்டக் கூடாத ஓடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொன்னார். நான் எழுதிக்கொண்டே வந்தேன்.

பாதி வழியில் ஒரு காட்டுத் தெய்வத்தின் இடம் வந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னார். நம் இளைஞர் ஒருவர் அந்த இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் குறிக்க முயன்றபோது, “வேண்டாம் தம்பி, கூட்டம் வந்துவிடும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். தம்பியும் உடனே அழித்துவிட்டார். ஆகவே நான் எழுதி வைத்த பெயர்கள் எதையும் இந்த அறிக்கையில் அச்சிடவில்லை. அந்தப் பாதைக் குறிப்பேட்டின் ஒரு படி எடுத்து அந்தப் பெரியவரின் பேத்தியிடம் கொடுத்திருக்கிறோம். அவள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். தாத்தா சொல்லச் சொல்ல, நான் பிழையாக எழுதியிருந்த இரண்டு பெயர்களைத் திருத்தியும் தந்தாள்.

ஆகாய கங்கை அருவிப் பக்கம் ஏறி முடித்த பிறகும் கோவிலுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் மீதம் இருந்தன. 300 அடி உயரத்திலிருந்து விழும் அருவியின் சாரலில் சற்று நேரம் நின்றதுதான் அந்தப் படிகளை ஏற வைத்தது. கோவிலை ஒட்டிய ஓடையில் மீன்களுக்குப் பொரி போட்டோம். குழம்புக்காக அறுத்த மீன் மீண்டும் பொருந்தித் தண்ணீரில் துள்ளியது என்று கதை சொல்லும் ஊர் அது. இன்றும் அங்கே யாரும் மீன் பிடிப்பதில்லை.

ஐப்பசியில் சேளூர் நாட்டுக் காட்சிமுனைக்குச் சென்றபோது மூடுபனி விலகவே இல்லை. காட்சி கிடைக்காததால் ஊருக்குள் நடந்தோம், அதுவே நல்லதாயிற்று. ஒரு வீட்டில் சாமைச் சோறும் கீரையும் பரிமாறினார்கள். சாமை விளையும் கொல்லை இப்போது குறைந்துவிட்டது, எங்கு திரும்பினாலும் மரவள்ளி. சமவெளியின் ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளால் மரவள்ளிக்குக் கையில் காசு வருகிறது, சாமைக்கு வருவதில்லை என்று அந்த அம்மா விளக்கினார். குற்றமாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். அன்றிலிருந்து நடை நாட்களில் மதியச் சாப்பாட்டைக் கீழேயிருந்து பொட்டலமாகக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டோம். மலை வீடுகளில் சொல்லி வைத்துச் சாமையும் கேழ்வரகும் விலை கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறோம்.

டிசம்பர் நடை ஃபெஞ்சல் புயல் மழையால் ரத்தானது. ஜனவரியில் வாசலூர்ப்பட்டி சுற்றுவட்டாரத்தில் காப்பித் தோட்டங்களின் ஊடே எளிய நடை, குழந்தைகளும் வந்தார்கள். முடவாட்டுக்கால் கிழங்கைப் பற்றி ஒரு வேண்டுகோள்: சூப் குடியுங்கள், பை நிறைய வாங்கி வராதீர்கள். முன்பு ஊரோரப் பாறையிலேயே கிடைத்தது, இப்போது வெகுதூரம் உள்ளே போக வேண்டியிருக்கிறது என்று விற்பவர்களே சொல்கிறார்கள்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காட்டு நடைக்கு வனத்துறை அனுமதி தரவில்லை. உறுப்பினர்கள் சிலர் வருத்தப்பட்டுக் கடிதம் எழுதினார்கள். செயலாளர் போதுமான அளவு முயலவில்லை என்பது அவர்கள் எண்ணம். நான் முயலவில்லை என்பது உண்மை. முயலக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் 23 பேர் இறந்தார்கள். அவர்களும் நம்மைப் போல மலையை விரும்பி நடந்தவர்கள்தான். சரிவில் தீ கீழிருந்து மேலாகத்தான் வேகமாக ஓடும். அனல் முன்னே போய் மேலேயுள்ள புல்லைக் காய வைத்துவிடும், தீ பின்னால் வந்து பற்றிக்கொள்ளும். மேலே ஏறித் தப்பிக்க நினைப்பவரைத் தீ முந்திவிடும். போதைப்புல் என்னும் மலைப்புல் முழங்கால் உயரம் காய்ந்து நிற்கும் மாதங்களில் உங்கள் பிள்ளைகளை அந்தச் சரிவில் நிறுத்த நான் கையெழுத்திட மாட்டேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதில் ‘வழிகாட்டி கூலி’ என்ற இனம் கூடியிருப்பதைக் கவனிப்பீர்கள். முன்பு நடை முடிந்ததும் ஆளுக்குக் கொஞ்சம் திரட்டிக் கையில் திணிப்போம். இப்போது ஒரு நாள் கூலியை முன்பே பேசி, அவர் இறங்கி வரும் நாளுக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம். இதனால் கையிருப்பு குறைந்திருக்கிறது. சந்தாவைச் சற்று உயர்த்தும் தீர்மானம் அதற்காகவே வருகிறது.

அதைத் தவிர, பொதுக்குழுவின் முன் மேலும் மூன்று தீர்மானங்களை வைக்கிறேன். மலைவாழ் மக்களில் ஒருவரேனும் துணைக்கு வராத நடையைச் சங்கத்தின் பெயரில் நடத்துவதில்லை. பிப்ரவரி முதல் மழை பிடிக்கும் வரை காட்டு நடை இல்லை. பாதைக் குறிப்பேட்டை, வரும் ஆடியில் மலையின் மற்ற ‘நாடு’களின் பெரியவர்களையும் கேட்டு விரிவாக்குவது. ஆடி நடையில் வழிகாட்டிய பெரியவருக்கு இப்போது முழங்கால் வலி. இனி அவரால் இறங்கி வர இயலாது என்பதால், ஆடி நடைக்குப் பேத்தியின் தந்தை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்