கடற்கரைப் பள்ளிக்கு மாறுதலில் வரும் ஆசிரியர்களுக்கு

இந்த வருடக் கலந்தாய்வில் இராமநாதபுரம் கடற்கரைப் பள்ளிகளில் இடம் எடுத்திருக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம். உங்களில் பலர் விரும்பி எடுத்திருக்க மாட்டீர்கள், சொந்த மாவட்டத்தில் காலியிடம் இல்லாததால் வருகிறீர்கள், அது தெரியும். தண்ணீர் உப்புக் கரிக்கும், வெயில் வாட்டும், வாடகைக்கு வீடு கிடைப்பது கஷ்டம். இதெல்லாம் கொஞ்ச நாளில் பழகிவிடும். நான் எழுதுவது பிள்ளைகளைப் பற்றி, அதிலும் முக்கியமாக ஜூன் மாதத்தைப் பற்றி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் வருமானம் இருக்காது, நிவாரணம் பத்தாது, கடன் ஏறும். ஆனால் விசைப்படகுக்குப் போகிற அப்பா தினமும் கண்ணெதிரே இருப்பது வருடத்தில் அந்த இரண்டு மாதம்தான். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார், பெயின்ட் அடிப்பார், கிழிந்த வலையை மடியில் போட்டுச் சரிசெய்வார், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து நூல் எடுத்துக் கொடுக்கும். ஜூன் பிறந்தால் பள்ளி திறக்கிறது. 15ஆம் தேதி தொடங்கும்போது படகு போய்விடுகிறது. அதே ஜூனில் வகுப்புக்குள் வந்து பார்த்தால் போன வருடம் இருந்த டீச்சரும் இல்லை. விடுமுறையில் மாறுதல் உத்தரவு வந்து, அவர் விடுவிப்பு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார், பிள்ளைகளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரே மாதத்தில் இரண்டு பேர் போய்விடுகிறார்கள். கடற்கரைப் பிள்ளைகள் முரடு, ஜூனில் அடங்கவே அடங்காது என்று ஆசிரியர் அறையில் பேசுவார்கள், தயவுசெய்து அதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

உங்கள் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு நீங்கள் நினைப்பதைவிட அதிகம் தெரியும். பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். கடலுக்குப் போக மீன்துறை இன்றைக்கு அனுமதி டோக்கன் கொடுத்ததா இல்லையா என்று காலை வணக்கக் கூட்டத்திலேயே பேச்சு ஓடும். படகு வரையச் சொல்லிப் பாருங்கள், ஆளின் முகத்தை எப்படியோ கிறுக்கிவிட்டு, படகின் பதிவு எண்ணை மட்டும் ஓர் இலக்கம் தப்பாமல் எழுதியிருப்பார்கள். படகு வராவிட்டால் அந்த எண்ணைச் சொல்லித்தான் விசாரிப்பார்கள்.

அம்மா வீட்டில் இருப்பார் என்றும் வைத்துக்கொள்ளாதீர்கள். பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்களில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அம்மாக்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு தீவுப் பக்கம் கடற்பாசி எடுக்கப் போய்விடுவார்கள், அன்றைக்குத் தம்பி தங்கச்சியைக் கிளப்பி, சோறு வைத்துவிட்டு வருகிற பிள்ளை தாமதமாகத்தான் வரும். கீழக்கரைப் பக்கம் என்றால் வாப்பா வெளிநாட்டில் இருப்பார். அப்புறம், இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனவர்களின் பிள்ளைகள். மன்னார் கோர்ட்டில் அடுத்த வாய்தா எப்போது என்பது அவர்களுக்கு அரையாண்டுத் தேர்வுத் தேதியைவிட நன்றாகத் தெரியும். அந்த வாரத்தில் வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டு நிற்க வைக்காதீர்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் என் ஏழாம் வகுப்பில் ஒரு பெண். அவள் அப்பா நாட்டுப்படகில் போனவர், இரவில் தவறிக் கடலில் விழுந்துவிட்டார், கூடப் போனவர்கள் மட்டும் திரும்பினார்கள். ஊர்ப் படகுகள் எல்லாம் நாள்கணக்கில் தேடியும் உடல் கிடைக்கவில்லை. அவள் பள்ளிக்குத் திரும்பி வந்த அன்று பக்கத்து வரிசைப் பையன் ஒரு நோட்டை நீட்டினான். அவள் வராத நாட்களின் பாடம் முழுவதையும் தன் கோழிக் கிறுக்கல் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தான், ஒவ்வொரு பக்கத்திலும் மேலே தேதி போட்டு. அவள் பாடத்தைப் பார்க்கவில்லை, தேதிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். அந்தத் தேதிகளில்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "டீச்சர், அன்னைக்குத்தான் அப்பா செருப்பு மட்டும் படகுல இருந்துச்சுன்னு குடுத்தாங்க" என்றாள்.

அன்று மதியம் அறிவியல் பாடம் நடக்கவில்லை. ஒருவன் தன் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னான், இன்னொருத்தி பிறப்பதற்கு முன்பே போன தாத்தாவைப் பற்றி, ஒருவன் சிறையில் இருந்து வந்த பிறகு பேசவே பேசாத அண்ணனைப் பற்றி. அவள் எல்லாவற்றையும் கேட்டாள், கடைசியில் அப்பா போட்டிருந்த சட்டையின் நிறத்தைச் சொன்னாள். துக்கத்தைக் கிளறக் கூடாது, பிள்ளை தானாக மறந்துவிடும் என்பார்கள். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. கேளுங்கள். அப்பா பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஊரே அந்தப் பெயரை விழுங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு பெரியவராவது சத்தமாகச் சொல்ல வேண்டும்.

இதில் காகித வேலையும் இருக்கிறது, அதை ஆசிரியர்தான் பார்த்துச் சொல்ல முடியும். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, சம்பாதிக்கும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால் 75,000 ரூபாய் உதவி உண்டு. அதற்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும். உடல் கிடைக்காதவருக்குச் சான்றிதழ் எங்கே போவது? ஏழு வருடம் தகவலே இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளை அதற்குள் பள்ளியையே முடித்துவிடும். அதனால் அம்மாவிடம் முதல் வாரத்திலேயே சொல்லுங்கள்: கடலோரக் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகல், மீன்துறையில் எழுதிக் கொடுத்ததன் நகல் இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், இன்னொரு நகலைப் பள்ளியிலும் வையுங்கள். அந்தப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள், இன்னமும் விண்ணப்பத்தில் தந்தை கையெழுத்து என்று வரும் இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்கிறாள்.

நான் இதே கரையில் பிறந்தவள். என் அம்மா தனுஷ்கோடிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோதுதான் 1964 டிசம்பர் 22 இரவில் புயல் அடித்தது. பாம்பனில் இருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் அடித்துக்கொண்டு போய், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ஊரே வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்டது. அம்மா பிழைத்து வேறு பள்ளியில் சேர்ந்தார். அங்கே யாரும் எதையும் கேட்கவில்லை. மீன் ஆயும்போது தன்னோடு வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் பெயர்களை என்னிடம் சொல்லுவார், எப்போதும் அதே வரிசையில். அந்தப் பெயர்களைக் கேட்க அவருக்கு நான் பிறக்க வேண்டியிருந்தது.

எனக்கு வாய்த்தவர் வேறு மாதிரி. ஆறாம் வகுப்பில் இருந்தபோது என் அப்பா காமாலையில் போய்ச் சேர்ந்தார். திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து வந்திருந்த கணக்கு டீச்சர் மறுநாளே வீட்டுக்கு வந்து, பந்தலில் அம்மா பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். பிறகு என்னை முன்னால் உட்கார வைத்து, எண்ணெய் காணாத தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டார். ஒரு ஆறுதல் வார்த்தையும் சொன்னதாக ஞாபகம் இல்லை, சீப்பு சிக்கில் மாட்டும் போதெல்லாம் முடியை வேரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுத்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவருக்கும் மாறுதல் வந்தது. ஆனால் விண்ணப்பம் போட்ட அன்றே வகுப்பில் சொன்னார், வரைபடத்தில் தன் ஊரைக் காட்டினார், கடைசி நாளில் எல்லோருடைய நோட்டின் பின்னட்டையிலும் முகவரி எழுதிக் கொடுத்தார். இன்லேண்ட் லெட்டர் போட்டேன், பதில் வந்தது. அழுதோம்தான். ஆனால் அவர் எங்கே இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

பிள்ளைகளைப் பேய்க்கரும்புக்குக் கூட்டிப்போய்க் கலாம் நினைவிடத்தைக் காட்டுவீர்கள். அவருக்குப் பறவை பறப்பதைக் கடற்கரையில் வைத்துக் காட்டிய அவருடைய ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கதையையும் சொல்வீர்கள். அதே ஐயர்தான் மதம் பார்க்காமல் அந்தப் பையனைத் தன் வீட்டுக்குள் உட்கார வைத்துத் தானே பரிமாறினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்களும் பிள்ளைகள் வீட்டுக்குப் போங்கள், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுங்கள்.

இங்கேயே இருந்துவிடுங்கள் என்று உங்களைக் கேட்கவில்லை. உங்களுக்கும் வயதான அப்பா அம்மா, குழந்தைகள், சொந்த ஊர் இருக்கிறது. நான் கேட்பது இதுதான்: மாறுதலுக்கு விண்ணப்பித்தால் ஏப்ரலிலேயே, பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போவதற்கு முன்பே, உங்கள் வாயால் அவர்களிடம் சொல்லுங்கள். கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை, ஜூனில் உங்களைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். கிடைத்துவிட்டால், போவதற்கு முன் அடுத்து வருபவருக்கு ஒரு தாள் எழுதி வையுங்கள். மதிப்பெண் விவரம் எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது, அது வேண்டாம். யார் பாட்டியோடு இருக்கிறாள், யாருடைய அப்பா இன்னும் திரும்பவில்லை, யாரிடம் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கலாம், இதை மட்டும் எழுதி உறையில் போட்டு ஒட்டித் தலைமையாசிரியர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். ஜூனில் வருகிறவர் வகுப்புக்குள் நுழைவதற்கு முன்னால் அதைப் படித்துக்கொள்ளட்டும்.