21 வயதானால் சொந்த மாநிலம் மாறிவிடுமா?

பொதுப் பல்கலைக்கழகக் கட்டண விதிகளை வகுக்கும் அமெரிக்க மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். என்னிடம் அ, ஆ எழுதிப் பழகிய சில பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

பெற்றோருக்கு எச்-1பி என்ற வேலை விசா, பிள்ளைக்கு அதைச் சார்ந்த எச்-4 விசா. மூன்று வயதில் வந்து, பன்னிரண்டாம் வகுப்பு வரை உங்கள் அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளை. வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், பெற்றோரின் வரிக் கணக்கு என்று நீங்கள் கேட்கும் தாள்கள் எல்லாம் கைவசம் உண்டு. அதனால் கல்லூரியில் சேரும்போது அந்த மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம், அதாவது உள்மாநிலக் கட்டணம் கிடைத்துவிடுகிறது. 21 வயது நிறைந்தால் எச்-4 போய்விடும். அதற்குள் நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டு வந்தால் சரி. ஆண்டுதோறும் தரும் கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பு இருக்கும்வரை இந்தியக் குடும்பங்களுக்கு அது எங்கே வரப்போகிறது? படிப்பைத் தொடர எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறுகிறார்கள். உடனே பல மாநிலங்களில் வெளிமாநிலக் கட்டணம். அது சின்னத் தொகை இல்லை. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 2025-26இல் புதிதாகச் சேர்ந்த வெளிமாநில மாணவருக்குக் கூடுதல் கட்டணம் மட்டுமே 37,602 டாலர்.

வீடு மாறவில்லை, பெற்றோர் வரி கட்டுவதும் நிற்கவில்லை. எஃப்-1 வாங்குபவர் வெளிநாட்டில் இருக்கும் தன் வீட்டைக் கைவிடமாட்டேன் என்று காட்ட வேண்டும் என்கிறது மத்திய அரசு. இங்கேயே நிலைத்திருக்கும் எண்ணத்தைக் காட்டு என்கிறீர்கள் நீங்கள். நினைவு தெரிந்து வேறு வீடே பார்க்காத பிள்ளை இரண்டுக்கும் எப்படிப் பதில் சொல்லும்?

விசாவின் பெயரை வைத்தே கதவை மூடுவது புதிதல்ல. உலக வங்கி போன்ற அமைப்புகளின் ஊழியர்களுடைய பிள்ளைகளுக்கு, ஜி-4 விசா என்பதற்காக மேரிலாந்துப் பல்கலைக்கழகம் உள்மாநிலக் கட்டணத்தை மறுத்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. எஃப்-1 விதி வேறுதான், தெரியும். ஆனாலும் உங்கள் கையை யாரும் கட்டிவைக்கவில்லை. வசிப்பிடத்தைக் காட்டிக் கட்டணச் சலுகை தருவதற்கு 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் போட்ட தடை, சட்டப்படியான அனுமதி இல்லாதவர்களைப் பற்றியது. இந்தப் பிள்ளைகள் ஒரு நாள்கூட அனுமதியின்றி இருந்ததில்லை.

உள்மாநில மாணவராகச் சேர்ந்தவரை, குடும்பம் அங்கேயே இருக்கும்வரை, விசா மாறியதற்காகப் படிப்பின் நடுவில் வெளிமாநிலத்தவர் ஆக்காதீர்கள். உங்கள் மாநிலத்தில் மூன்று ஆண்டு படித்து உயர்நிலைப் பள்ளி முடித்தவருக்கு, எந்த விசாவில் இருந்தாலும் உள்மாநிலக் கட்டணம் என்று சட்டத்தில் எழுதுங்கள். வரும் கூட்டத்தொடரிலேயே எழுதுங்கள். கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் இருப்பவர்களுக்கு அதற்குமேல் அவகாசம் இல்லை.

இப்படிக்கு,
ஒரு தமிழ்ப் பள்ளி ஆசிரியர்